எவ்வளவு நேரம் எடுக்கலாம்? கான், மே, மஸ்ற் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சியில் பின்னேரங்களில் ஆங்கில வகுப்பு எடுக்கிறேன். ஓ.எல். பிள்ளைகள் பாதி, ஐ.ஈ.எல்.ரி.எஸ். என்ற ஆங்கிலப் பரீட்சை எழுதி வெளிநாடு போகக் காத்திருக்கிறவர்கள் பாதி. கான், குட், மே, மைற், மஸ்ற், ஷுட், வில், வுட், ஷல் என்ற மோடல் வினைகளை எல்லாரும் பாடமாக்கித்தான் வருகிறார்கள். பக்கத்தில் ஒரு மணித்தியாலமோ மூன்று மாதமோ பத்து அடியோ வந்து உட்கார்ந்ததும் பாடமாக்கியது கலைந்து போகிறது. அப்படிக் கலைந்தபோது திரும்பத் திரும்ப வந்த கேள்விகள்தான் இவை. ஆங்கில வசனங்களையும் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். பிள்ளையின் கைபேசியைத் தாயும் எட்டிப் பார்ப்பார், அவருக்கும் வாசிக்க வரவேண்டும்.

கான் என்றால் முடியும், மே என்றால் கூடும், மஸ்ற் என்றால் வேண்டும். இதில் என்ன சிக்கல்?

சிக்கல் நம்முடைய ‘லாம்’ என்ற முடிவில் இருக்கிறது. “இண்டைக்கு வவுனியா போக மூன்று மணித்தியாலம் எடுக்கலாம்” என்கிறோம். “ஆஸ்பத்திரியில் பின்னேரம் ஒரு மணித்தியாலம் ஆளைப் பார்க்கலாம்” என்கிறோம். “முதலை பத்தடிக்கும் வளரலாம்” என்கிறோம். மூன்றிலும் ஒரே லாம். ஆனால் முதலாவது என் ஊகம், இரண்டாவது ஒருவர் தந்த அனுமதி, மூன்றாவது அந்த உயிரின் இயல்பு. தமிழில் கேட்பவர் இடம் பார்த்துப் பிரித்துக்கொள்வார். ஆங்கிலத்தில் எழுதுகிறவரே பிரித்துக் கொடுக்க வேண்டும்.

‘வேண்டும்’ இன்னும் பொல்லாதது. “பத்து நிமிசம் வேணும்” என்பதை “ஐ மஸ்ற் ரென் மினிற்ஸ்” என்று எழுதிய கொப்பிகள் எத்தனையோ. மஸ்ற் தனியே நிற்காது, பின்னால் வெயிற், ரேக் என்று ஒரு வினை வரவேண்டும். பத்து நிமிடம் தேவை என்றால் அது “ஐ நீட் ரென் மினிற்ஸ்”.

நான் பிள்ளைகளைக் கேட்கச் சொல்வது ஒன்றுதான்: அந்த அளவை யார் வைத்தது? சட்டமா, பொருளின் இயல்பா, அட்டவணையா, அல்லது நானே ஊகித்ததா? பதில் கிடைத்தால் மோடல் பெரும்பாலும் தானாக வந்துவிடும்.

“இற் கான் ரேக் த்ரீ அவேர்ஸ்”, “இற் மே ரேக் த்ரீ அவேர்ஸ்”, “இற் ஷுட் ரேக் ரூ அவேர்ஸ்”. எல்லாம் ஒன்றுதானே?

இல்லை. வவுனியாவில் பஸ் ஏறிக் கிளிநொச்சிக்கு வருகிறீர்கள் என்று வையுங்கள். ஏ9 வீதி, எழுபது எண்பது கிலோமீற்றர். ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம், பிறகு முறிகண்டி.

“இற் கான் ரேக் த்ரீ அவேர்ஸ்” என்றால் அந்தப் பயணத்துக்கு மூன்று மணித்தியாலம் பிடிக்கிற நாட்களும் உண்டு என்று பொருள். இன்றைய பஸ்ஸைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. மறித்த இடமெல்லாம் நிற்கிற பஸ்ஸில் ஏறிப் பழகியவர் புதிதாக வருகிறவருக்குச் சொல்கிற வசனம் அது.

“இற் மே ரேக் த்ரீ அவேர்ஸ்” இன்றைய பஸ்ஸைப் பற்றியது. வானம் இருண்டு கிடக்கிறது, மாங்குளத்தில் வீதி வேலை நடக்கிறது என்று யாரோ சொன்னார்கள், ஆகவே இன்றைக்கு இழுபடலாம். மே என்ற இடத்தில் மைற் போட்டால் ஊகம் சற்று மெலியும். பேச்சில் அந்த வித்தியாசத்தை யாரும் நிறுத்துப் பார்ப்பதில்லை.

ஷுட் கணக்குப்படி வருவது. எல்லாம் ஒழுங்காக நடந்தால் இரண்டு மணித்தியாலம். அதற்குள் நல்லபடி நடக்கும் என்ற எதிர்பார்ப்பும் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது. அதனால்தான் பஸ் பழுதாகி ஐந்து மணித்தியாலம் தாமதிக்கப் போகிறது என்று சொல்ல ஷுட் பொருந்துவதில்லை, காதில் கோணலாக விழும்.

“இற் மஸ்ற் ரேக் த்ரீ அவேர்ஸ்” என்று எழுதுகிறவர்கள் அநேகமாகக் ‘கட்டாயம்’ என்று நினைத்து எழுதுகிறார்கள். பயணத்துக்கு யார் கட்டளை போடுவது? இந்த மஸ்ற் துப்பு வைத்துச் சொல்வது. சிநேகிதி ஆறு மணிக்கு ஏறினாள், ஒன்பதுக்கு இறங்கினாள், மற்றவளும் அப்படியே, ஆகவே மூன்று மணித்தியாலம் எடுக்கிறது போல.

இனி வில். “த பஸ் வில் ஸ்ரொப் ஃபோர் ரென் மினிற்ஸ் அற் முறிகண்டி.” பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க வேண்டும், கச்சான் வாங்க வேண்டும், பஸ் நிற்கத்தான் செய்யும். வில் எதிர்காலம்தானே சேர் என்று ஒரு பெடியன் கேட்டான். இங்கே அது வழமை. நேற்றும் நின்றது, நாளைக்கும் நிற்கும்.

முதலையின் நீளத்தை ஊகித்துச் சொல்ல “கான் பீ” என்று எழுதினேன். ஏன் பிழை?

இரணைமடுப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி குளக்கட்டில் கண்ட முதலையைப் பற்றி எழுதியிருந்தாள்: “தற் குரொக்கடைல் கான் பீ ரென் ஃபீற் லோங்.” முதலை இனத்தைப் பற்றிப் பொதுவாகச் சொல்வதென்றால் “குரொக்கடைல்ஸ் கான் பீ ரென் ஃபீற் லோங்” மிகச் சரி. ஆனால் அவள் சொன்னது தன் கண் முன்னால் கிடந்த ஒன்றை. அதன் நீளம் ஏற்கெனவே ஏதோ ஓர் அளவுதான், அளக்கத்தான் ஒருவரும் இல்லை. அந்த இடத்தில் குட், மே, மைற் மூன்றில் ஒன்று வேண்டும்: “தற் குரொக்கடைல் குட் பீ ரென் ஃபீற் லோங்.”

எதிர்மறையில் கான் திரும்பி உள்ளே வருகிறது. “இற் கான்ற் பீ ரென் ஃபீற் லோங்” என்றால் பத்தடி இருக்கவே இருக்காது, நீ பயத்தில் சொல்கிறாய் என்று அர்த்தம். அவளுடைய தம்பி அப்படித்தான் சொன்னானாம்.

விசாக் கடிதத்தில் “யூ மே ஸ்ரே” என்று இருக்கிறது. அப்படியென்றால் விடுவார்களோ இல்லையோ தெரியாதா?

இதை ஒரு பிள்ளையின் தாத்தா கேட்டார். லண்டனில் இருக்கிற மகளைப் பார்க்கப் போகிறவர். பேத்தி ‘மே’ என்றால் ‘கூடும்’ என்று சொல்லிக் கொடுத்திருக்கிறாள். கடிதத்தில் “யூ மே ஸ்ரே ஃபோர் அப் ரு சிக்ஸ் மந்த்ஸ்” என்று கண்டதும் மனுசனுக்கு நித்திரை போய்விட்டது. “ஆறு மாசம் நிக்கக்கூடும் எண்டு போட்டிருக்கு. நிக்காமலும் விடக்கூடுமெல்லே தம்பி?”

பிரித்தானியாவுக்குச் சாதாரணமாக உறவினரைப் பார்க்கப் போகிறவருக்கு ஒரு தடவையில் ஆறு மாதம் வரைதான் வழமையாக அனுமதி. கடிதத்து மே அந்த அனுமதிதான். ‘அப் ரு’ அதன் கூரை. ஆறு மாதம் வரை நிற்கலாம், மூன்றாம் மாதமே திரும்பி வந்தாலும் குற்றமில்லை, ஆறு தாண்டக் கூடாது.

எப்படிக் கண்டுபிடிப்பது? எழுவாயைப் பாருங்கள். ஓர் ஆளுக்கு ஓர் அலுவலகம் எழுதுகிறதென்றால் மே பெரும்பாலும் அனுமதி. எழுவாய் ஒரு பொருளோ வேலையோ என்றால் ஊகம்: “த பார்சல் மே ரேக் அப் ரு சிக்ஸ் வீக்ஸ்”, பொதி வர ஆறு கிழமை வரை இழுபடலாம். மே நொட் வந்தால் இந்தப் பிரிவு இன்னும் ஆபத்தானது. “யூ மே நொட் ஸ்ரே லோங்கர்” என்றால் இனி நிற்கக் கூடாது. “இற் மே நொட் ரேக் லோங்” என்றால் அவ்வளவு நேரம் எடுக்காமலும் போகலாம். முதலாவதை இரண்டாவது போல வாசித்தால் வழக்கில்தான் போய் முடியும்.

‘அப் ரு’, ‘அற் லீஸ்ற்’ எந்த மோடலுடன் போகும்?

அப் ரு கூரை, அற் லீஸ்ற் தரை. அனுமதிக்கும் இயல்புக்கும் கூரை பொருந்தும், அதனால் கான், மே இரண்டோடும் அப் ரு ஒட்டிக்கொள்ளும். கட்டாயத்துக்குத் தரை வேண்டும், ஆகவே “யூ மஸ்ற் வெயிற் அற் லீஸ்ற் த்ரீ டேய்ஸ்”. “யூ மஸ்ற் வெயிற் அப் ரு த்ரீ டேய்ஸ்” என்று மாற்றிப் போட்டால் கட்டளையா தளர்வா என்று தெரியாது. மூன்று நாள் வரை காத்திருக்க நேரலாம் என்பதுதான் கருத்தென்றால் “யூ மே ஹாவ் ரு வெயிற் அப் ரு த்ரீ டேய்ஸ்”.

“த வெல் மஸ்ற் பீ அற் லீஸ்ற் தேர்ட்டி ஃபீற் டீப்.” கிணறு முப்பதடி வெட்ட வேண்டுமா, முப்பதடி இருக்கிறதா?

இரண்டும் வரும். வெட்டுகிற ஆளிடம் சொன்னால் நிபந்தனை. எட்டிப் பார்த்துக் கல்லைப் போட்டு, சத்தம் வரச் சுணங்கியதைக் கேட்டுச் சொன்னால் ஊகம். சந்தேகம் வந்தால் வசனத்தை இறந்தகாலத்துக்குத் தள்ளிப் பாருங்கள். நிபந்தனை என்றால் “ஹட் ரு பீ” ஆகும், ஊகம் என்றால் “மஸ்ற் ஹாவ் பீன்” ஆகும். ஒரே மஸ்ற் அந்த இடத்தில் இரண்டாகப் பிரிந்துவிடும். இந்தச் சோதனை எனக்கு மிகவும் பிடித்தது.

கட்டுரைக்கு “மஸ்ற் நொட் பீ லோங்கர்”, “நீட் நொட் பீ லோங்கர்” இரண்டும் 200 சொல்லைத்தானே சொல்கின்றன?

எண் ஒன்று, பொருள் இரண்டு. மஸ்ற் நொட் என்றால் 200க்கு மேல் போகக் கூடாது. நீட் நொட் என்றால் 200க்கு மேல் போகத் தேவையில்லை, விருப்பமென்றால் போகலாம். டோன்ற் ஹாவ் ரு என்பதும் தேவையில்லைதான். ஹாவ் ருவும் மஸ்ற்றும் நேர் வசனத்தில் ஒன்றுபோல இருப்பதால் எதிர்மறையிலும் ஒன்றுதான் என்று நினைத்து எழுதுவது நம் பிள்ளைகளின் பழைய நோய்.

ஐ.ஈ.எல்.ரி.எஸ். தாளில் “யூ ஷுட் ஸ்பெண்ட் அபௌட் ருவென்ரி மினிற்ஸ்” என்று இருக்கிறதே. இருபது நிமிடம் முடிந்ததும் நிறுத்த வேண்டுமா?

வேண்டாம். இந்த ஷுட் புத்திமதி. எழுத்துத் தாளுக்கு மொத்தம் 60 நிமிடம். முதல் வேலைக்கு 20, இரண்டாவதுக்கு 40 என்று பிரித்துக்கொள் என்கிறார்கள், அவ்வளவுதான். இருபதாவது நிமிடத்தில் யாரும் தாளைப் பறிக்க மாட்டார்கள். ஆனால் இரண்டாவது வேலைக்குப் புள்ளி இரண்டு மடங்கு, அதனால் புத்திமதியைக் கேட்பது உங்களுக்கே நல்லது.

அதே தாளில் “ரைற் அற் லீஸ்ற் 150 வேர்ட்ஸ்”, மற்றதற்கு 250, என்ற வரியில் மோடலே இல்லை. நேரடிக் கட்டளை. குறைந்தால் புள்ளியில் அடி விழும். ஷுட் உள்ள வரிக்குப் பயந்து, ஷுட் இல்லாத வரியைக் கவனிக்காமல் விட்டவர்களை நான் கண்டிருக்கிறேன்.

“பத்து வருசமாக வாகனம் ஓடத் தெரியும்.” “ஐ கான் டிரைவ் ஃபோர் ரென் இயர்ஸ்” சரியா?

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் வாசிக்க நேரமிருந்தால் இதை வாசியுங்கள். வேலைக்கு விண்ணப்பிக்கிற கடிதங்களில் நான் அதிகம் திருத்தியது இந்த வசனத்தைத்தான். ஆங்கிலக்காரர் காதில் இது “ஏறி உட்கார்ந்தேன் என்றால் பத்து வருடம் இறங்காமல் ஓட்டுவேன்” என்று விழும். உழவு இயந்திரத்துக்கு அவ்வளவு டீசல் எங்கே போவது?

நம் ‘பத்து வருசமாக’ என்பதில் ‘ஆக’ இருக்கிறது, அன்று தொடங்கி இன்று வரை என்று அதுவே சொல்லிவிடுகிறது. ஆங்கிலத்தில் அந்த வேலையைச் செய்வது ஹாவ் என்ற துணைச்சொல். ஆனால் ஹாவுக்குப் பின்னால் கான் வரமுடியாது, மோடல்களுக்கு அந்த உருவமே இல்லை. ஆகவே மாற்று ஆளை அனுப்ப வேண்டும். கானுக்குப் பதில் ஏபிள் ரு, மஸ்ற்றுக்குப் பதில் ஹாவ் ரு, அனுமதி மேக்குப் பதில் அலௌட் ரு. “ஐ ஹாவ் பீன் ஏபிள் ரு டிரைவ் ஃபோர் ரென் இயர்ஸ்.” கடிதத்துக்கு இன்னும் இயல்பாக வருவது “ஐ ஹாவ் பீன் டிரைவிங் ஃபோர் ரென் இயர்ஸ்”. சின்ஸ் போட்டாலும் கதை இதேதான், “ஐ கான் டிரைவ் சின்ஸ் 2014” என்பது வசனமே இல்லை.

மறுபக்கம் தடையில்லை. மோடலுக்குப் பின்னால் ஹாவ் வரலாம். வில்லோடு இப்படி: “பை டிசெம்பர் ஐ வில் ஹாவ் பீன் வேர்க்கிங் ஹியர் ஃபோர் ரென் இயர்ஸ்”, வருகிற மார்கழியோடு இங்கே பத்து வருடம்.

ஃபோர் போடுவதா, இன் போடுவதா?

தமிழே வழி காட்டும். ‘மூன்று மாதம்’ என்று வெறுமனே நின்றால் ஃபோர், ‘மூன்று மாதத்தில்’ என்றால் இன். பத்தலகொட நெல் ஆராய்ச்சி நிலையத்து நெல்லினங்களின் பெயரைப் பாருங்கள். பிஜி 300 என்றால் மூன்று மாத நெல், 352 மூன்றரை மாதம், 403 நான்கு மாதம். இலக்கத்திலேயே வயது இருக்கிறது. “யூ கான் ஹாவெஸ்ற் இற் இன் த்ரீ மந்த்ஸ்”, மூன்று மாதத்தில் அறுக்கலாம். இன்னை எடுத்துவிட்டு ஃபோர் போட்டால் மூன்று மாதம் ஓயாமல் அறுத்துக்கொண்டே இருக்கலாம் என்றாகும். பரந்தன் வயல் முழுவதையும் கையால் வெட்டினாலும் அவ்வளவு வராது.

“நாங்கள் முகாமில் பதினொரு மாதம் இருந்தோம்.” யூஸ்ட் ரு போடலாமா?

வயது வந்த மாணவி ஒருவர், போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளத்து முகாமைப் பற்றி எழுதியிருந்தார்: “வீ யூஸ்ட் ரு லிவ் இன் த காம்ப் ஃபோர் இலெவன் மந்த்ஸ்.” அந்தக் கட்டுரைக்குச் சிவப்புப் பேனையை எடுக்க மனம் வரவில்லை. பென்சிலால் யூஸ்ட் ருவை மட்டும் மெல்லக் கோடிட்டு “வீ லிவ்ட்” என்று மேலே எழுதினேன்.

யூஸ்ட் ரு முன்பு இருந்த வழமையைச் சொல்லும், அந்த வழமை மொத்தம் எவ்வளவு காலம் நீடித்தது என்ற கணக்கை ஏற்காது. காலத்தை எண்ணிச் சொன்னால் சாதாரண இறந்தகாலம் போதும். வுட் கூட அப்படியே. ஆனால் ஒவ்வொரு தடவையும் பிடித்த நேரத்தைத் தாராளமாகச் சொல்லலாம்: “வீ வுட் வெயிற் ஃபோர் ரூ அவேர்ஸ் ஃபோர் வோற்றர்”, தண்ணீருக்கு ஒவ்வொரு நாளும் இரண்டு மணித்தியாலம் நிற்போம். இது அவருடைய கட்டுரையிலேயே இருந்த வசனம். அதில் திருத்த ஒன்றும் இருக்கவில்லை.

“மஸ்ற் ஹாவ் வெயிற்றெட்”, “ஹட் ரு வெயிற்”, “ஷுட் ஹாவ் வெயிற்றெட்”. எது எப்போது?

1990இல் நின்ற ரயில் 2013 செப்ரெம்பரில்தான் மறுபடி கிளிநொச்சிக்கு வந்தது. “பீப்பிள் ஹட் ரு வெயிற் ஃபோர் ருவென்ரி த்ரீ இயர்ஸ்.” தெரிந்த உண்மை, வேறு வழியில்லாத காத்திருப்பு, ஆகவே ஹட் ரு. “மஸ்ற் ஹாவ் வெயிற்றெட்” என்று ஒரு பிள்ளை எழுதினாள். அப்படி எழுதினால் 23 வருடம் காத்திருந்திருப்பார்கள் போல என்று வெளியூரார் ஒருவர் ஊகிப்பதாக ஆகிவிடும். நாம் ஊகிக்க என்ன இருக்கிறது?

ஷுட் ஹாவ் என்றால் காத்திருந்திருக்க வேண்டும், காத்திருக்கவில்லை. குட் ஹாவ் என்றால் காத்திருந்திருக்கலாம், பெரும்பாலும் அதுவும் நடக்கவில்லை.

“ஹீ கான்ற் கம் ஃபோர் த்ரீ டேய்ஸ்.” மூன்று நாளைக்கு வரமாட்டாரா, மூன்று நாள் தங்க வரமாட்டாரா?

இரண்டும்தான். தமிழில் “மூண்டு நாளைக்கு வரேலாது” என்றாலும் இதே இழுபறி வருவதால் வெட்கப்பட ஒன்றுமில்லை. முதல் கருத்தில் மூன்று நாள் ‘முடியாது’ என்பதோடு ஒட்டுகிறது, நாலாம் நாள் வருவார். இரண்டாவதில் ‘வருதல்’ என்பதோடு ஒட்டுகிறது, ஒரு நாள் என்றால் வருவார். எழுத்தில் தெளிவாக வேண்டுமென்றால் வசனத்தை மாற்றுங்கள். “ஹீ கான்ற் கம் அன்ரில் தேர்ஸ்டே” என்றோ “ஹீ கான்ற் ஸ்ரே ஃபோர் த்ரீ டேய்ஸ்” என்றோ எழுதினால் வாசிக்கிறவர் உங்களுக்குத் தொலைபேசி எடுக்க வேண்டியிருக்காது.

அன்ரிலும் பையும் ஒன்றா?

அன்ரில் என்றால் வரை, பை என்றால் ‘க்குள்’. “ஐந்து மணி வரை இருக்கலாம்” என்பதற்குக் கான், அன்ரில். “ஐந்து மணிக்குள் கொண்டு வரவேண்டும்” என்பதற்கு மஸ்ற், பை.

குத்தகை உறுதியில் “ஷல்” என்று வருகிறதே?

சட்ட எழுத்தில் ஷல் என்றால் கட்டாயம். “த லீஸ் ஷல் பீ ஃபோர் ஃபைவ் இயர்ஸ்” என்றால் ஐந்து வருடம், பேச்சில்லை. வீட்டிலும் கடையிலும் இந்த ஷல் தேவைப்படாது.

“ஆஸ் லோங் ஆஸ்” என்றால் நேரமா, நிபந்தனையா?

இரண்டுக்கும் வரும். “யூ கான் ஸ்ரே ஆஸ் லோங் ஆஸ் யூ லைக்” என்றால் விரும்பிய காலம் வரை. “யூ கான் ஸ்ரே ஆஸ் லோங் ஆஸ் யூ பே” என்றால் காசு கட்டினால் மட்டும். பின்னால் வருகிற வினைதான் தீர்மானிக்கும், முன்னால் உள்ள கான் இரண்டிலும் ஒரே கான்.

ரொறன்ரோவில் இருக்கிற மாமி அனுப்பிய செய்தியோடு ஒரு பிள்ளை வந்தாள். மாமி தன்னை நிற்கச் சொல்கிறாரா, நிபந்தனை வைக்கிறாரா என்று தெரிய வேண்டுமாம். அவள் காட்டியது “யூ கான் ஸ்ரே ஆஸ் லோங் ஆஸ்” வரைக்கும்தான். கைபேசியில் விரலை வைத்து மிச்சத்தையும் கீழே இழுக்கச் சொன்னேன். “யூ ஹெல்ப் இன் த ஷொப்” என்று இருந்தது.